கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் யாருக்கு லாபம்?

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நம் கைக்கு நான்கு நிறத்தில் வாக்குச்சீட்டு வருகிறது. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் இருக்காது. அவற்றில் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத பொதுச் சின்னங்கள்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "கிராமம் ஒரு குடும்பம் மாதிரி. கட்சி வந்தால் ஊர் இரண்டுபடும்." கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தில் நாம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம், அல்லது உட்கார விடப்பட்டிருக்கிறோமா என்று கேட்டால் பதில் வராது.

கட்சி இல்லாத தேர்தல் நியாயமானதா, கட்சியோடு நடக்கும் தேர்தல் நியாயமானதா? இதே கேள்வியை அமெரிக்கா நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே கேள்வி எழுந்த இடம் பள்ளிக்கூடம். பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியங்களுக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். அந்த வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருக்கலாமா, கூடாதா என்று இன்றும் சட்டமன்றங்களில் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் கறுப்பின மக்கள் பெற்றதும் இழந்ததும் நமக்குப் பாடம். நம் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வோம்.

பள்ளி வாரியம் என்பது என்ன?

நம் ஊரில் அரசுப் பள்ளிக்கு ஆசிரியரை நியமிப்பதும், பாடநூல் அச்சிடுவதும், சம்பளம் போடுவதும் மாநில அரசு. அமெரிக்காவில் இந்த அதிகாரத்தில் பெரும்பகுதி உள்ளூரில் இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. மாவட்டம் என்றதும் நம் மாவட்டம் போல நினைக்க வேண்டாம். ஒரு சிற்றூரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்ததுகூட ஒரு பள்ளி மாவட்டமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம். பொதுவாக ஐந்து முதல் ஒன்பது உறுப்பினர்கள். பெரும்பாலான இடங்களில் அவர்களைத் தேர்ந்தெடுப்பது மக்கள்.

பள்ளிகளின் தலைமை நிர்வாகியை வாரியம்தான் நியமிக்கிறது. வரவு செலவுத் திட்டத்தை அதுதான் போடுகிறது. பல மாநிலங்களில் சொத்துவரியில் பள்ளிக்கான பங்கையும் அதுவே தீர்மானிக்கிறது. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கோடு போடுவதும், எந்தப் பள்ளியை மூடலாம் என்று முடிவெடுப்பதும் வாரியம்தான். வெள்ளையர் தெருவையும் கறுப்பர் தெருவையும் பிரித்து வைத்திருந்த ஒரு நாட்டில் இந்தக் கோடு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இதற்குச் சாட்சி. 1951-ல் அங்கே ஃபார்ம்வில் என்ற ஊரில் கறுப்பின மாணவர்கள் படித்த பள்ளியில் இடமில்லை. தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தலைமையில் பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு, நிறப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கோடு சேர்ந்தது. தீர்ப்பை ஏற்க மனமில்லாத கவுண்டி நிர்வாகம் 1959-ல் பொதுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். 1964 வரை ஐந்து ஆண்டுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்தக் கவுண்டியில் பொதுப் பள்ளி இல்லை.

வர்ஜீனியாவில் அன்று பள்ளி வாரியத்துக்குத் தேர்தலே கிடையாது. நியமனம்தான். மக்கள் விரும்பினால் வாரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்தது 1992-ல். வாக்குச்சீட்டில் கட்சி இருக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. வாக்குச்சீட்டே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கட்சியை வெளியேற்றிய கதை

19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பெருநகரங்களில் பள்ளி நிர்வாகம் கட்சிக்காரர்கள் கையில் இருந்தது. வார்டுக்கு ஒருவர் என்று வாரியத்துக்கு வந்தார்கள். ஆசிரியர் வேலைக்கும் காவலாளி வேலைக்கும் சிபாரிசு, பாடநூல் வாங்குவதில் கமிஷன் என்று ஊழல் மலிந்தது. அதைச் சீர்திருத்தப் புறப்பட்டவர்கள் மூன்று மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். வாக்குச்சீட்டிலிருந்து கட்சியின் பெயரை எடுத்தார்கள். வார்டுகளை ஒழித்து, ஊர் முழுவதும் சேர்ந்து எல்லா உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் முறையை வைத்தார்கள். பொதுத் தேர்தல் நாளில் நடத்தாமல் தனி நாளில் நடத்தினார்கள்.

கட்சி ஊழல் குறைந்தது உண்மை. ஆனால் அந்த ஊழல் முறையிலும் ஒரு கூலித் தொழிலாளி தன் வார்டில் நின்று ஜெயிக்க முடிந்தது. புதிய முறையில் ஊர் முழுவதும் ஓட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், நாலு பேருக்குத் தெரிந்த பெயர் வேண்டும், ஓய்வு வேண்டும். வாரியங்களில் வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் நிறைந்தார்கள். தொழிலாளர்களும், புதிதாகக் குடியேறியவர்களும், கறுப்பின மக்களும் வெளியே நின்றார்கள். "பள்ளியில் அரசியல் வேண்டாம்" என்ற முழக்கத்தோடு யாருடைய அரசியல் உள்ளே போனது என்று பாருங்கள்.

இன்றும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி வாரியத் தேர்தல் கட்சி சாராமல்தான் நடக்கிறது. ஊர் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் முறையும் ஏராளமான இடங்களில் தொடர்கிறது.

ஃபெர்குசன்: பிள்ளைகள் நம்முடையவர்கள், வாரியம் அவர்களுடையது

2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். ஊர் கொந்தளித்ததை உலகம் பார்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அங்கே தொடங்கிய இன்னொரு போராட்டம் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. அது ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட் பள்ளி மாவட்டத்தின் தேர்தல் முறையை எதிர்த்த வழக்கு.

அந்தப் பள்ளி மாவட்டமே ஒரு நீதிமன்ற உத்தரவால் உருவானது. நிறப் பிரிவினையை உடைப்பதற்காக, கறுப்பின மக்கள் வாழ்ந்த கின்லாக் என்ற ஏழைப் பள்ளி மாவட்டத்தையும் பெர்க்லி என்ற மாவட்டத்தையும் ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்டோடு 1975-ல் இணைத்தார்கள். பிள்ளைகள் கலந்தார்கள். வாரியம் கலக்கவில்லை. வழக்குப் போட்ட காலத்தில் மாணவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் கறுப்பினப் பிள்ளைகள். ஏழு பேர் கொண்ட வாரியத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்தான். அதற்கு முந்தைய ஆண்டில் அந்த ஒருவரும் இல்லை. முழுக்க வெள்ளையராக இருந்த அந்த வாரியம், பள்ளிகளின் தலைமை நிர்வாகியாக இருந்த கறுப்பினத்தவரை இடைநீக்கம் செய்திருந்தது.

தேர்தலில் கள்ள ஓட்டு இல்லை. மிரட்டல் இல்லை. கட்சிச் சின்னமும் இல்லை. பிறகு எப்படி இது நடந்தது? கணக்கைப் பாருங்கள்.

ஓர் ஊரில் 1,000 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தரப்பில் 550 பேர், இன்னொரு தரப்பில் 450 பேர். மூன்று இடங்களுக்குத் தேர்தல். ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. ஒரு வேட்பாளருக்கு ஓர் ஓட்டுதான் போடலாம். பெரிய தரப்பு தன் மூன்று வேட்பாளர்களுக்கும் போட்டால் ஆளுக்கு 550. சிறிய தரப்பின் மூவருக்கும் ஆளுக்கு 450. மூன்று இடமும் பெரிய தரப்புக்கே. 45 சதவீதம் பேருக்கு ஓர் இடம்கூட இல்லை. அடுத்த தேர்தலிலும் இதுவே. அதற்கு அடுத்ததிலும் இதுவே.

ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்டில் வாக்களிக்கும் வயதுடையவர்களில் இரு தரப்பும் ஏறக்குறைய சரிபாதி. ஆனால் தேர்தல் நடப்பது ஏப்ரல் மாதத்தில். அந்த நாளில் அதிபர் தேர்தலோ ஆளுநர் தேர்தலோ கிடையாது. சொந்த வீடும் நிலையான வேலையும் உள்ளவர்கள் வருவார்கள். வாடகை வீட்டில் இருந்து, இரண்டு இடத்தில் வேலை பார்த்து, அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குத் தேர்தல் வந்ததே தெரியாது. சரிபாதி இப்படித்தான் வாக்குச்சாவடியில் சிறுபான்மை ஆகிறது.

என்.ஏ.ஏ.சி.பி. என்று சுருக்கமாக அறியப்படும் கறுப்பின மக்களின் நூற்றாண்டு கண்ட அமைப்பின் மிசூரி கிளையும் பெற்றோர்களும் தொடுத்த வழக்கில் 2016 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. இந்தத் தேர்தல் முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதமானது என்றது நீதிமன்றம். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதன்பின் புதிய முறையில் தேர்தல் தொடங்கியது.

புதிய முறை எளிமையானது. மூன்று இடம் என்றால் மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே வேட்பாளருக்கே போடலாம். மேலே சொன்ன கணக்கில் 450 பேரும் தங்கள் மூன்று ஓட்டையும் ஒருவருக்கே குவித்தால் அவருக்கு 1,350 ஓட்டு. அவரை யாராலும் தோற்கடிக்க முடியாது. கட்சிப் பெயரை வாக்குச்சீட்டில் சேர்க்கவுமில்லை, யாருக்கும் இட ஒதுக்கீடு கொடுக்கவுமில்லை. எண்ணும் முறையை மட்டும் மாற்றினார்கள்.

இந்த வழக்கு ஜெயித்ததற்கு ஒரு பின்னணி உண்டு. அலபாமாவின் மொபைல் நகர வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம், பாகுபாடு காட்டும் உள்நோக்கம் இருந்தது என்று நிரூபித்தால்தான் இத்தகைய தேர்தல் முறையைத் தள்ளுபடி செய்ய முடியும் என்றது. யார் தன் உள்நோக்கத்தை எழுதி வைப்பார்கள்? கறுப்பின அமைப்புகள் போராடி 1982-ல் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்த வைத்தன. நோக்கம் எதுவானாலும் விளைவு பாகுபாடாக இருந்தால் போதும் என்றது திருத்தம். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் ஃபெர்குசன் பெற்றோர்களுக்கு வழி இருந்திருக்காது.

கின்ஸ்டன்: கட்சிப் பெயரை எடுத்தால் என்ன ஆகும்?

கட்சிப் பெயர் நமக்கு உதவுமா என்ற கேள்விக்கு நேரடியான உதாரணம் வட கரோலினாவின் கின்ஸ்டன் நகரம். இது நகர்மன்றத் தேர்தல் பற்றியது என்றாலும் கேள்வி அதேதான். அங்கே பதிவு செய்த வாக்காளர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். நகர்மன்றத் தேர்தல் கட்சிப் பெயரோடு நடந்துவந்தது. 2008 நவம்பரில் கட்சிப் பெயரை நீக்கலாம் என்று நகர மக்களே பெரும்பான்மையாக வாக்களித்தார்கள்.

பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகளில் தேர்தல் விதியை மாற்ற வேண்டுமானால் அன்று மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2009-ல் நீதித்துறை அனுமதி மறுத்தது. அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. வாக்குச்சாவடிக்கு வருவோரில் கறுப்பின மக்கள் பல தேர்தல்களில் சிறுபான்மை. கறுப்பின வேட்பாளர் ஜெயிக்க வெள்ளையர்களின் ஓட்டும் கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்ச ஓட்டு, அவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்பதற்காக விழுகிறது. கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் அந்த வெள்ளை வாக்காளர் கண்ணுக்கு நிறம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

இதற்கு எதிர்ப்பு வலுவாக எழுந்தது. "கறுப்பர்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர் தானே விரும்பி எடுத்த முடிவை வாஷிங்டன் எப்படி மறுக்கலாம்?" என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 2012-ல் நீதித்துறை தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் முன் அனுமதி முறையையே செயலற்றதாக்கிவிட்டது.

ஆனால் நீதித்துறை சொன்ன அந்த ஒரு காரணம் நம் நெஞ்சில் தைக்கிறது. கட்சிக் கட்டுப்பாடு ஒரு பகுதி வாக்காளரையாவது நிறத்தைத் தாண்டி வாக்களிக்க வைத்தது. கட்சி போனதும் அந்தக் கட்டாயமும் போய்விடுகிறது.

இப்போது கட்சி திரும்பி வருகிறது

அப்படியானால் கட்சிப் பெயரோடு நடத்துவதுதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். கொரோனாவுக்குப் பின் அமெரிக்கப் பள்ளி வாரியக் கூட்டங்கள் போர்க்களமாயின. முகக்கவசத்தில் தொடங்கிய சண்டை, அடிமை முறையையும் நிறவெறியையும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதிலும், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்பதிலும் வந்து நின்றது. இதையொட்டி, கட்சிப் பெயரை மறுபடி கொண்டுவரும் முயற்சிகள் தொடங்கின. டென்னசி 2021-ல் கட்சிகள் வேட்பாளரை நிறுத்த வழி செய்தது. இந்தியானா 2025-ல் சட்டம் இயற்றியது. ஃப்ளோரிடா 1998-ல் மக்கள் வாக்கெடுப்பால் கட்சி சாராத முறைக்கு மாறிய மாநிலம். 2024 நவம்பரில் மறுபடி கட்சி முறைக்குப் போகலாமா என்று கேட்டார்கள். சுமார் 55 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அரசமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும் என்பதால் தோற்றது.

கட்சி முறையிலும் கதவுகள் மூடுகின்றன. ஃப்ளோரிடாவில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள்தான் வாக்களிக்கலாம். ஒரே கட்சி ஆதிக்கம் செலுத்தும் பகுதியில் முதற்கட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். மற்றவர்கள் வாக்களிப்பது சடங்குதான். அடுத்து, மத்திய அரசு ஊழியர்கள் கட்சி சார்ந்த தேர்தலில் வேட்பாளராக நிற்கச் சட்டம் தடை போடுகிறது. அஞ்சல் துறை போன்ற அரசு வேலைகள்தாம் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றைக் கைதூக்கி விட்டவை. அந்த ஊழியர்கள் கட்சி சாராத பள்ளி வாரியத்துக்கு நிற்கலாம். கட்சிப் பெயர் வந்தால் நிற்க முடியாது.

ஆக, கட்சி இருப்பதும் இல்லாததும் தானாக யாரையும் காப்பாற்றுவதில்லை. தேர்தல் எந்த நாளில் நடக்கிறது, எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது, ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள், தேர்தலை யார் நடத்துகிறார்கள் என்ற நான்கும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயமல்ல. நியூயார்க் மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் மே மாதம் நடக்கும் பள்ளி வாரியத் தேர்தலை நடத்துவது அந்தப் பள்ளி மாவட்டமேதான். ஆட்டக்காரரே நடுவர்.

நம் வெள்ளைச் சீட்டும் இளஞ்சிவப்புச் சீட்டும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996-ல் முதல் தேர்தல் நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி கட்சி சாராதது. சாதி சாராததாக இருந்ததா?

மேலவளவில் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டபோது, கட்சிச் சின்னம் இல்லாத அந்தத் தேர்தலுக்கு வேட்புமனு போடவே விடவில்லை. போராடி ஜெயித்த முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில் பேருந்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. தேர்தல் நடத்த விடமாட்டார்கள், நடந்தால் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைப்பார்கள். 2006-ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.

ஒதுக்கீடு இல்லாத ஊராட்சிகளில் கணக்கு ஃபெர்குசன் கணக்குத்தான். ஊரில் 600 ஓட்டு, காலனியில் 400 ஓட்டு என்றால் காலனிக்காரர் தலைவராக முடியாது. எந்தக் கட்சியும் அவருக்காக ஊருக்குள் போய் ஓட்டுக் கேட்காது. காரணம், இது கட்சி சாராத தேர்தல். கோயில் வாசலில் தலைவர் பதவியை ஏலம் விட்டு "ஒருமனதாகத் தேர்வு" என்று அறிவிக்கும் ஊர்களும் உண்டு. அந்த ஒருமனதில் நம் மனம் எண்ணப்படுவதில்லை.

ஒதுக்கீட்டில் ஜெயித்து வந்தாலும் துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. அவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை மூடி வைத்தால் தெருவிளக்கு எரியாது. 2020-ல் கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர தினக் கொடியை ஏற்ற முடியவில்லை. பிறகு ஆட்சியர் வந்து அவரை ஏற்ற வைத்தார்.

பள்ளி மேலாண்மைக் குழு: நம் பிள்ளை, நம் இடம்

நம்மிடம் பள்ளி வாரியம் இல்லை. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ப இடம் தர வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. தலைவர் ஒரு பெண் பெற்றோராக இருக்க வேண்டும். 2024-ல் மீண்டும் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் வேலை.

இங்கும் கட்சி இல்லை. "எல்லாரும் பெற்றோர்தானே, இதில் என்ன சாதி?" என்று கேட்பார்கள். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கத் தலித் பெண் வரக் கூடாது என்று மறித்தவர்களும் பெற்றோர்தாம். பெற்றோர் என்ற சொல் சாதியை மறைக்குமே தவிர அழிக்காது.

இன்று பல ஊர்களில் நிலைமை என்ன? வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் மிச்சமிருப்பவர்களில் நம் பிள்ளைகளே அதிகம். ஃபெர்குசனில் போலவேதான். பிள்ளைகள் நம்முடையவர்கள். குழுவில் நமக்குரிய விகிதம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? கூட்டம் நூறு நாள் வேலை நேரத்தில் வைக்கப்படுகிறது. தகவல் ஊருக்குள் சொல்லப்படுகிறது, காலனிக்கு வருவதில்லை. வந்தவர்கள் கையைத் தூக்கினால் முடிந்தது. யாருடைய வயலில் கூலி வேலை பார்க்கிறோமோ அவர் முன்னால் எதிராக யார் கை தூக்குவார்? தலைவராக நம் பெண் வந்தாலும், பதிவேட்டில் கையெழுத்து வாங்க மட்டும் ஆள் அனுப்புகிறார்கள்.

இதை மாற்ற நாம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த மறுகட்டமைப்புக் கூட்டத்துக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் சில கேள்விகளைக் கொடுப்போம்.

பள்ளியில் எத்தனை பிள்ளைகள், அதில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை, அதன்படி குழுவில் எங்களுக்கு எத்தனை இடம்? சட்டம் விகிதம் என்கிறது. விகிதம் என்றால் எண். எண்ணைக் கேட்போம்.

கூட்டம் எந்த நாள், எந்த நேரம்? கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். காலனியிலும் தண்டோரா போடுங்கள், பிள்ளைகள் கையில் துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்புங்கள்.

தேர்வு எப்படி? ஒன்றுக்கு மேற்பட்டவர் முன்வந்தால் கை தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வையுங்கள். சீட்டை எல்லார் முன்னிலையிலும் எண்ணுங்கள்.

தீர்மானப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள்? கூட்டம் முடியும் முன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. படிக்கத் தெரியாத தாய் தலைவராக இருந்தால், அவர் சொல்லும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லலாம்.

பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு. அங்கும் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனு. குழு உறுப்பினர் பட்டியலையும் தீர்மான நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அம்மாவோ அக்காவோ இந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கலாம். அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். நீங்கள் படித்த பள்ளிக்கே போய் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். 21-வது பிரிவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். முன்னாள் மாணவர் என்ற முறையில் குழுவுக்குள் வர உங்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. ஃபார்ம்வில் பள்ளியில் கொட்டகைக்கு எதிராகப் பிள்ளைகளைத் திரட்டியபோது பார்பரா ஜான்ஸுக்கு 16 வயது. அவளுக்கு ஓட்டுரிமைகூட இல்லை. உங்களுக்கு இருக்கிறது.